பேச்சு மன்றத்துக்கு எதற்கு இத்தனை விதிகள்?



நமது வட்டாரத்து மஹல்லாக்கள் அனைத்தும் சேர்ந்து இளைஞர்களுக்காக ஒரு பேச்சு மற்றும் விவாத மன்றம் அமைப்பதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது நினைவிருக்கும். அதற்கான பைலாவின் வரைவைத் தயாரித்து ஒவ்வொரு ஜமாஅத் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தோம். மறுநாளே நம் மூத்த முத்தவல்லி ஒருவர் போன் செய்தார். "ஏன் தம்பி, புள்ளைங்க மேடை ஏறி நாலு வார்த்தை பேசறதுக்கு 18 பக்கம் சட்டமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இரண்டு வருடத்துக்கு முன் நாம் நடத்திய விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றைச் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் கணக்கு யாருக்கும் தெரியாது. அன்று மதிப்பெண் கூட்டும் மேஜையில் இருந்தவன் நான்.

இரண்டு அணிகள், மூன்று நடுவர்கள். ஒவ்வொரு நடுவரும் ஓர் அணிக்கு 100க்கு இத்தனை என்று போட வேண்டும். முதல் அணி நம் வட்டாரத்திலேயே சிறிய ஊரிலிருந்து வந்த மூன்று பெண் பிள்ளைகள். அவர்களுக்கு விழுந்தவை 72, 70, 50. எதிரணிக்கு 70, 68, 75. கூட்டினால் 192க்கு 213. எதிரணி வெற்றி என்று நானே மைக்கில் அறிவித்தேன். வீட்டுக்கு வந்து இரவு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அந்தச் சிறிய ஊர்ப் பிள்ளைகள்தான் நன்றாகப் பேசினார்கள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் 25 மதிப்பெண் வித்தியாசம் போட்டு அந்த இருவரின் தீர்ப்பையும் கவிழ்த்துவிட்டார். அவர் எதிரணி படித்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பனார், "இனிமே இதுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் பாய்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அனுப்பவில்லை.

வரைவின் ஆறாவது பிரிவு முழுக்க இந்த ஒரு மாலைப் பொழுதிலிருந்து வந்தது. அணிகள் மோதும் விவாதத்தில் இனி மதிப்பெண்ணைக் கூட்டி வெற்றியை முடிவு செய்வதில்லை. நடுவர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருப்பார்கள். ஒரு நடுவருக்கு ஒரு வாக்கு. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்த அணி வெற்றி. இது நாம் கண்டுபிடித்தது அல்ல. 1988 முதல் நடந்துவரும் உலகப் பள்ளி மாணவர் விவாதப் போட்டியில் இதுதான் முறை. அங்கே ஒரு முழு உரைக்கு 60க்குக் கீழேயும் 80க்கு மேலேயும் போடக் கூடாது என்ற வரம்பும் உண்டு. "அந்த வரம்பை மட்டும் வைத்தால் போதாதா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். போட்டுப் பாருங்கள்: அந்த மூன்றாம் நடுவர் 60, 80 என்று போட்டிருந்தாலும் 202க்கு 218, எதிரணிதான் வென்றிருக்கும். ஆகவே வரம்பும் வேண்டும், வாக்கு முறையும் வேண்டும்.

தனிநபர் பேச்சுப் போட்டிக்கு இது பொருந்தாது. பன்னிரண்டு பேர் பேசும் இடத்தில் பெரும்பான்மை எப்படி வரும்? அங்கே ஒவ்வொரு நடுவரும் முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களை மட்டும் எழுதித் தர வேண்டும். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 1. டோஸ்ட்மாஸ்டர்ஸ் போட்டிகளில் பின்பற்றும் முறை இது. சமநிலை வந்தால் பயன்படுத்த ஒரு நடுவரின் தாள் தனியே உறையில் இருக்கும். அவர் யார் என்பது மற்ற நடுவர்களுக்கும் தெரியாது.

போட்டியிடுபவர் ஒருவரோடு உறவோ, ஆசிரியர் மாணவர் தொடர்போ, சம்பளத் தொடர்போ உள்ளவர் நடுவராக இருக்கக் கூடாது. அதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நம் வட்டாரத்தில் யாருக்கு யார் உறவில்லை என்று சிரிக்கிறீர்கள். உண்மைதான், அதனால்தான் இறுதிச் சுற்றுக்காவது வெளியூர் நடுவர்களை அழைக்கும் செலவைப் பட்ஜெட்டில் வைத்திருக்கிறோம்.

அடுத்தது, அதிகம் ஆட்சேபம் வந்திருக்கும் விதி. எந்த அணி எந்தப் பக்கம் பேசும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும் என்கிறது வரைவு. "என் மகன் நம்பாத ஒன்றை மேடையில் நின்று ஆதரித்துப் பேசுவதா? அது பொய் சொல்லக் கற்றுக் கொடுப்பதாகாதா?" என்று ஒரு சகோதரர் இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மதரஸாவில் ஓதிய நாட்களில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது.

அரபி மதரஸாக்களின் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் முனாழரா என்றொரு கலை உண்டு. ஷம்சுத்தீன் ஸமர்கந்தீ இதற்கென்றே தனி நூல் எழுதினார். நம் நாட்டு மதரஸாக்களில் 'ரஷீதிய்யா' என்ற கிதாபை வைத்து ஓதிக் கொடுப்பார்கள். அதில் முதலில் பிரித்துக் காட்டுவது மூன்று விஷயங்களை. உண்மை வெளிப்பட வேண்டும் என்று இருவர் வாதிப்பது முனாழரா. எதிராளியை வாயடைக்க வைக்க வேண்டும் என்று வாதிப்பது முஜாதலா. இரண்டுமில்லாமல் தன் பெருமைக்காக அடம் பிடிப்பது முகாபரா. வாதம் சொல்பவருக்கும் கேள்வி கேட்பவருக்கும் தனித்தனிக் கடமைகள் வகுக்கப்பட்டிருக்கும். ஆதாரம் தர வேண்டியது வாதம் சொல்பவர். கேட்பவர், "இந்தப் படிக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கலாம், "உங்கள் ஆதாரத்தை ஒப்புக்கொண்டால் இன்ன தவறான முடிவு வருகிறதே" என்று காட்டலாம், அல்லது எதிர் ஆதாரம் ஒன்றைக் கொண்டுவரலாம். ஆளைத் தாக்கிப் பேசுவதற்கு இந்த மூன்றிலும் இடமில்லை.

அந்தக் கலையில் ஒருவர் தன் சொந்தக் கருத்துக்காகவே வாதிடுகிறார். நம் மன்றத்தில் நடப்பது அதுவல்ல, அதற்கான பயிற்சி. மதரஸாவில் எங்கள் உஸ்தாத், வகுப்பில் எங்களில் ஒருவரை எழுப்பி, "நீ மறுப்பவன் இடத்தில் நின்று கேள்" என்பார். கேட்டவரை யாரும் மறுப்பவர் என்று நினைத்ததில்லை. எதிர்க்கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லத் தெரியாதவனுக்குத் தன் கருத்தின் பலவீனமும் தெரியாது என்பதுதான் அந்தப் பாடம். ஆனாலும் சகோதரரின் கவலைக்கு வரைவில் இரண்டு காவல்கள் வைத்திருக்கிறோம். ஒன்று, மார்க்கக் கொள்கை, மத்ஹபு மற்றும் ஜமாஅத்துகளுக்கு இடையிலான கருத்து வேறுபாடு, தேர்தல் கட்சி ஆகியவை விவாதத் தலைப்பாக வரக் கூடாது. இரண்டு, குலுக்கலில் கிடைத்த பக்கத்துக்காகப் பேசியதை வெளியே எடுத்துப் போய், "இன்னாருடைய பிள்ளை இப்படிச் சொன்னான்" என்று பரப்பும் உறுப்பினர் மீது நடவடிக்கை உண்டு. பேச்சின் ஒரு துண்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவதும் இதில் அடங்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் கல்லூரியில் படிக்கும் ஒரு சகோதரி. எங்கள் தலைமுறைக்கு இது தோன்றவே இல்லை.

இங்கே பட்டிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிமேகலையில் பட்டிமண்டபம் வருகிறது. நம் காலத்துப் பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர் குன்றக்குடி அடிகளார். நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியான மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பன் கழக மேடைகளில் எப்படி மதிக்கப்பட்டார் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்த மரபு நமக்குப் பெருமை. ஆனால் பட்டிமன்றத்தில் நடுவரே முதன்மைப் பேச்சாளர். அவருடைய தீர்ப்புரையைக் கேட்கத்தான் கூட்டம் காத்திருக்கும். இரு பக்கமும் சரி என்றுகூட அவர் முடிக்கலாம். போட்டியில் நடுவர் பேசக் கூடாது, எழுத வேண்டும். எந்த வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று இரு அணிக்கும் நாலைந்து வரிகள் எழுதித் தருவது கட்டாயம். தோற்ற பிள்ளை கையில் ஒரு தாளோடு வீட்டுக்குப் போக வேண்டும். மன்றத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் தாராளமாக நடக்கட்டும்.

நேரம் பற்றிய விதிகளுக்கு விளக்கம் தேவைப்படாது. உலகப் பள்ளிப் போட்டியில் ஓர் உரைக்கு 8 நிமிடம். நாம் 5 நிமிடமும் தொகுப்புரைக்கு 3 நிமிடமும் வைத்திருக்கிறோம். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. மணி அடித்த பின் பேசியது கணக்கில் வராது. இந்த விதி சிறப்பு விருந்தினருக்கும் உண்டு. இதை எழுதும்போது குழுவில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வாராந்தரப் பயிற்சிக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறோம். 1924ல் அமெரிக்காவின் சாண்டா அனா என்ற ஊரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது அது. அங்கே கூட்டத் தலைமை, நேரம் பார்ப்பது, பேச்சை மதிப்பிட்டுச் சொல்வது எல்லாமே உறுப்பினர்களுக்குள் சுழன்று வரும். நம் மன்றத்திலும் வாரம் ஒருவர் தலைமை. பேசத் தயங்கும் பிள்ளை முதல் மாதம் கடிகாரம் பிடித்துக்கொண்டு உட்காரலாம். மேடையில் உட்கார்ந்து பழகினாலே பாதி பயம் போய்விடும்.

இனி, முத்தவல்லி சாஹிபுக்குப் பிடிக்காத பகுதி: பதவிகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன்படி மன்றத்தைப் பதிவு செய்கிறோம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். நமக்கு அதைவிடப் பல மடங்கு இருக்கிறார்கள். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் அதே ஆளை மறுபடி மறுபடி தேர்ந்தெடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அதனால் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரைவில் நாமே சேர்த்திருக்கிறோம். பல ஊர்களில் இப்படித் தொடங்கிய மன்றங்கள் எப்படி முடிந்தன என்று பார்த்தவன் நான். பிள்ளைகள் பேச வராமல் போவதால் அவை மூடப்படுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். எழுந்தவர் மினிட்ஸ் நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். ஆகவே பதவி முடிந்த 15 நாட்களுக்குள் நோட்டு, ரசீது, வங்கிப் பாஸ்புக் அனைத்தையும் எழுத்துமூலம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும்.

பைலாவை மாற்ற வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு மாற்றுவது சுலபமில்லை. ஆட்சேபம் இருந்தால் பதிவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நிதியைப் பொறுத்தவரை, மன்றத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. நமது அறக்கட்டளையின் ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்குப் போகாது. பொது நன்கொடையும் சந்தாவும் மட்டுமே.

பெண் பிள்ளைகளைப் பற்றி வரைவில் தனிப் பிரிவு இல்லையே என்று இரண்டு ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. உறுப்பினர் தகுதி, வாக்கு, பதவி எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. நடைமுறைக்கு மட்டும் சில ஏற்பாடுகள் உண்டு: போட்டிகள் காலை 10 மணிக்குத் தொடங்கி, லுஹருக்கு இடைவேளை விட்டு, அஸருக்கு முன் முடியும். வெளியூர்ப் போட்டிக்கு மகளோடு தாயோ சகோதரியோ வந்தால் அவருக்கும் பயணச் செலவு மன்றத்துடையது. நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். குழுவில் சமமாகப் பிரிந்து நின்றது. அதனால் அதை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறோம். பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும்.

வரைவின் நகல்கள் எல்லா ஜமாஅத் அலுவலகங்களிலும், நமது அறக்கட்டளை அலுவலகத்திலும் இருக்கின்றன. ஆட்சேபங்களையும் திருத்தங்களையும் எழுத்தில் தாருங்கள். எந்த விதி எண், என்ன மாற்றம், ஏன் என்று மூன்றும் இருக்கட்டும். வாய்மொழியாகச் சொல்வதை நான் மறந்துவிடுவேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு அஸருக்குப் பின் நம் மண்டபத்தில் விதி விதியாக வாசித்து வாக்கெடுப்போம். ஒரு விதிக்கு ஒருவர் 3 நிமிடம் பேசலாம். மணி அடிக்கும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம்.

அந்தச் சிறிய ஊர்த் தகப்பனாருக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போயிருந்தேன். பழைய மதிப்பெண் தாளையும் காட்டினேன். ஆறாவது பிரிவை மட்டும் இரண்டு முறை படித்தார். "வெச்சிட்டுப் போங்க பாய், புள்ளைகிட்ட காட்டறேன்" என்றார்.