மங்கிய ஸ்கேலும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாங்கிய புதிதில் கண்ணாடி மாதிரி இருந்தது. காம்பஸும் டிவைடரும் உரசி உரசி இப்போது பனிமூட்டமாகிவிட்டதா? அழுக்கு என்று நினைத்துக் கழுவுகிறோம். ஈரமாக இருக்கும்வரை பளிச்சென்று தெரிகிறது. துடைத்துக் காய்ந்ததும் பழையபடி மங்கல்!

அப்படியானால் அது அழுக்கே இல்லை. அத்தனையும் நுண்ணிய பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்தின் சரிவும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்பிவிடுகிறது. சிதறிய ஒளிதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

சரி, தண்ணீர் என்ன செய்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் நுழையும்போது ஒளியின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வேகம் சட்டென்று மாறுவதால்தான் சரிவுகளில் கதிர் வளைகிறது. தண்ணீருக்குள்ளோ அந்த வேகம் ஏற்கெனவே கால் பங்கு குறைந்திருக்கும். பள்ளங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டால் மாற்றமும் கொஞ்சம், வளைவும் கொஞ்சம். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள், இன்னும் நன்றாகத் தெளியும். எண்ணெய்க்குள் ஒளி போகும் வேகம் பிளாஸ்டிக்குக்குள் போகும் வேகத்துக்கு அவ்வளவு நெருக்கம்!

காய்ந்த பிறகும் தெளிவாக இருக்க வேண்டுமானால்? இன்னும் தேய்க்க வேண்டும்! அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் தகட்டை உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். முதலில் 400 எண் தாள், பிறகு 800, பிறகு 1500. எண் கூடக் கூடத் தாளில் உள்ள துகள் பொடியாகும். ஒவ்வொரு தாளும் முந்தைய கீறலை அழித்து, அதைவிடச் சின்னக் கீறலைப் போடும். கடைசியில் பாலிஷ் பசை. ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 2000-இல் ஒரு பங்கு. பள்ளத்தின் ஆழம் அதைவிட மிகவும் குறைந்துவிட்டால், பள்ளம் இருப்பதே ஒளிக்குத் தெரியாது.

தண்ணீர் விடுவது எதற்கு? தூசி பறக்காது. தகடும் சூடேறாது. 100 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினாலே அக்ரிலிக் இளகத் தொடங்கிவிடும். அறுத்த ஓரங்களைப் பளபளப்பாக்க அந்த இளக்கத்தையே பயன்படுத்துகிறார்கள். தீச்சுடரை ஓரத்தின் மேல் வேகமாக ஓட்டினால், மேல்தோல் மட்டும் உருகித் தானே வழவழப்பாகும். அது பழகிய கைகளின் வேலை, நீங்கள் முயல வேண்டாம்.

இப்போது ஒரு கேள்வி. குளியலறை ஜன்னலுக்கு, ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பாக்கிய தகட்டைப் பொருத்தப் போகிறோம். சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா?