குதிகால் நோவும் மலைப்பாதையும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. ஆயினும் பூனாகலை மலைச்சரிவிலே வாழ்வோர் அதனைச் சற்று மாற்றி, எண்சாண் உடம்புக்குக் காலே பிரதானம் என்று சொன்னால் மறுப்பதற்கில்லை. பண்டாரவளைக்குத் தெற்கே, கொஸ்லந்தைப் பக்கமாக விரிந்து கிடக்கும் இத்தோட்டங்களில், லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து கொழுந்து மலைக்கும், பின்னர் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் பெரியோர் நடக்கின்றனர். பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கின்றனர். சமதரை என்பது இங்கே அபூர்வம். ஏறவேண்டும், அல்லது இறங்கவேண்டும்.

இத்தகைய இடத்தில் குதிகாலில் நோவு கண்டால் அது சிறிய உபாதை அன்று. காலையில் எழுந்து முதல் அடியை வைத்தவுடன் ஆணி தைத்தாற்போல வலி. பத்து இருபது அடி நடந்ததும் சற்றே தணிவு. வேலை முடிந்து சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மீண்டும் அதே குத்தல். வாரங்கள் மாதங்களாகியும் அது விடுவதில்லை. நாள் முழுதும் நின்று கற்பிக்கும் நம் போன்ற ஆசிரியரும், மைதானத்தில் ஓடும் மாணவரும் இதற்கு விலக்கல்லர். எனினும் நமக்கு வகுப்பறையில் ஒரு நாற்காலி உண்டு. கொழுந்தெடுக்கும் தாய்க்கு அதுவும் இல்லை. குறித்த நிறை சேராவிட்டால் அவர் கணக்கில் விழுவது அரைப்பேர். அவரிடம் போய், "ஒரு மாதம் ஓய்வெடுங்கள், அம்மா" என்று புத்தி சொல்வது, "ஒரு மாதம் அடுப்பை மூட்டாதீர்கள்" என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே, நடந்தே தீரவேண்டியவர் இந்நோவை எவ்வாறு தீர்த்துக்கொள்வது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

முதலில் நோவின் இருப்பிடத்தை அறிவோம். நம் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பெரியது குதியெலும்பு. அதன் அடிப்புறத்திலிருந்து விரல்களை நோக்கி, வில்லுக்கு நாண் பூட்டியதுபோலத் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. நாம் அடியெடுத்து வைக்கையில் விரல்கள் மேல்நோக்கி மடிய, நங்கூரக் கயிறு உருளையிலே சுற்றுவதுபோல இந்நார் இழுபட்டு இறுகிப் பாத வளைவை உயர்த்துகிறது. இந்த நுட்பத்தை 1954 ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் விளக்கிக் காட்டினார். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை இழுபடும் இந்நார், தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வேலை வாங்கப்பட்டால், குதியெலும்பில் அது ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. நம்மவர் குதிகால் வாதம் என்று சொல்வது பெரும்பாலும் இதனையே.

இதிலே இரண்டு தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. ஒன்று, இது வெறும் அழற்சி, வலிக்குளிசை விழுங்கினால் தீர்ந்துவிடும் என்பது. நாட்பட்ட நோயாளரிடம் அறுவைச் சிகிச்சையில் எடுத்த நாரை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அதில் அழற்சியை அன்றி நார் சிதைந்ததற்கான அடையாளங்களையே கண்டதாக 2003 இல் எழுதினர். குளிசை சில நாள் வலியை மறைக்கலாம். நைந்த நாரைப் பின்னித் தராது. மற்றொன்று, எக்ஸ்ரே படத்தில் தெரியும் குதிமுள்ளே வலிக்குக் காரணம் என்பது. வலியே இல்லாத பலருக்கும் அம்முள் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்து மனம் கலங்க வேண்டியதில்லை.

யாருக்கு இந்நோவு அதிகம்? நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினர், நெடுநேரம் நிற்பவர், உடற்பருமன் உள்ளவர், கெண்டைக்காற் சதை இறுகியவர் ஆகியோருக்கு. மலையேறும்போது கணுக்கால் மேல்நோக்கி மடியவேண்டும். கெண்டைச் சதை இறுகியிருந்தால் அது மடியாது; அந்த இழுப்பு முழுவதும் பாதத்து நாரின்மேல் விழும். முதுகிலே கொழுந்தின் பாரமும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. திடீரென நடையைப் பெருக்குவதும் ஒரு காரணமாகும். ஆண்டு முழுதும் மேசையருகே இருந்தவர், ஒரே இரவில் சிவனொளிபாத மலையின் ஆயிரக்கணக்கான படிகளை ஏறி இறங்கிய பின்போ, கதிர்காமப் பாத யாத்திரை சென்ற பின்போ குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடும்.

இதனால் நடையே பகை என்று கொள்ளலாகாது. 2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவாக, முன்னோர் கால்நடையாக வந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. ஜூலை 28 இல் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் முடிந்த அப்பயணத்தின் தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அதனை ஒரே மூச்சில் நடக்கவில்லை. பதினாறு நாட்களாகப் பகுத்து நடந்தார்கள். பகுத்து ஏற்றும் பாரத்தைக் கால் தாங்கும் என்பதை இதிலிருந்து உணரலாம். சிகிச்சையின் சூத்திரமும் அதுவே: பாரத்தை அறவே நீக்குவதன்று, அளவறிந்து ஏற்றுவது.

இதற்கு உதவும் இரு பயிற்சிகள் உள்ளன. இரண்டுக்கும் காசு வேண்டாம்.

முதலாவது, படுக்கையை விட்டு இறங்குமுன் செய்வது. நோகும் காலை மறுதொடைமேல் வைத்துக்கொண்டு, கையால் விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி மெல்ல இழுக்கவேண்டும். உள்ளங்காலில் நார் கம்பிபோல் விறைப்பதை மற்றக் கையால் தடவி உணரலாம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுக. இப்படிப் பத்துத் தடவை, நாளொன்றுக்கு மூன்று வேளை. அமெரிக்காவில், நாட்பட்ட குதிகால் நோவுடைய 101 பேரிடம் நடத்தி 2003 இல் வெளியான ஆய்வில், குதிநரம்பை மட்டும் நீட்டும் வழக்கமான பயிற்சியிலும் இதுவே கூடிய பயன் தந்தது.

இரண்டாவது, லயத்து வாசற்படியிலே செய்யத்தக்கது. ஒரு துவாயைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் உயர்ந்திருக்கும்படி நோகும் காலால் நிற்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று விநாடியில் குதியை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் தாழ்த்துக. பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மூன்று சுற்றுக்கள். ஒற்றைக் காலால் இயலாதவர் இரு காலாலும் தொடங்கலாம். தினமும் அன்று, ஒன்றுவிட்ட ஒரு நாள். பழகிய பின் பிள்ளையின் புத்தகப் பையை முதுகில் மாட்டிப் பாரத்தைக் கூட்டலாம். டென்மார்க் தேசத்து ஆய்வாளர் 48 பேரிடம் இம்முறையைச் சோதித்தனர். மூன்று மாத முடிவில், நீட்டற் பயிற்சி மட்டும் செய்தவர்களைக் காட்டிலும் இவர்கள் நலமாயிருந்தனர்.

பயிற்சியின்போது சிறிது வலி இருப்பதில் தீங்கில்லை. மறுநாட் காலை முதல் அடியின் வலியையே அளவுகோலாகக் கொள்க. அது முந்தின நாளைவிட மிகுந்திருந்தால், பாரம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். ஓட்டப் பயிற்சி செய்யும் மாணவருக்கும் இதே கணக்குத்தான். ஓட்டத்தை முற்றாக விடவேண்டியதில்லை. தூரத்தைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடலாம்.

காலணி விஷயத்திலும் கவனம் தேவை. வெறுங்கால் நடையும், அடி தேய்ந்து தாள்போலான றப்பர் செருப்பும் நோவுற்ற குதிக்கு ஆகா. குதிப்பக்கம் சற்றே உயர்ந்து, அடி தடித்த செருப்போ சப்பாத்தோ நன்று. குளிர்ந்த சீமெந்துத் தரையில் நடக்கும்போதும், குசினியில் நிற்கும்போதும் அணிந்துகொள்வது நல்லது. செங்கல்லைச் சுடவைத்து, எருக்கிலை பரப்பி, குதியை ஒற்றியெடுப்பது நம் வீடுகளில் வழிவழி வந்த வைத்தியம். இளஞ்சூடு இதம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாம்; சுட்டுப் புண்ணான பின்பே தெரியவரும். அவர்கள் இதனைச் செய்தலாகாது. எருக்கம்பால் கண்ணிற் படுவதும் ஆபத்து.

குதியில் ஊசி ஏற்றிக்கொண்டால் உடனே குணமாகும் என்று பலர் விரும்புகின்றனர். ஸ்டீரொய்ட் ஊசி சில வாரங்கள் நிவாரணம் அளிக்கும். அதனால் நார் அறுந்துபோவதும், குதியின் கொழுப்பு மெத்தை தேய்வதும் சில வேளை நேர்வதுண்டு. ஆகவே வைத்தியர் ஆராய்ந்து சொன்னாலன்றி அதனை நாடவேண்டாம்.

எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் குதிகால் நோகிறதென்றால் அது வேறு விஷயம். வளரும் குதியெலும்பின் பின்புறத்துக் குருத்துப் பகுதி இழுபடுவதால் வருவது அது. 1912 இல் அமெரிக்க மருத்துவர் செவர் இதனை விவரித்தார். பந்தாட்டத்தைச் சில வாரம் குறைத்தாற் போதும். எலும்பு முற்றியதும் தானே மறையும். பாடசாலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறான் என்று அடிப்பது தகாது.

இனி எச்சரிக்கை. படுத்திருக்கையிலும் இரவிலும் ஓயாத வலி, வீக்கம், காய்ச்சல், மரமரப்பு, விழுந்த பின் கால் ஊன்ற முடியாமை, குதியை இருபுறமும் அழுத்தினால் கடும் நோவு, இளவயதில் இரு குதியிலும் நோவோடு காலையில் நெடுநேரம் முதுகு விறைத்திருத்தல் ஆகியவற்றுள் எதுவேனும் கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாட் போக்காது தியத்தலாவை, பதுளை அரசாங்க வைத்தியசாலைகளுக்குச் செல்க. அங்கே பரிசோதனை இலவசமே.

ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் இந்நோவு நீங்குகிறது. ஓராண்டு நீண்ட காலந்தான். அக்காலத்தில் குடும்பத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. மலையிலிருந்து இறங்கிவந்த தாய், அதன் பின்பும் விறகுக்கும் தண்ணீருக்கும் கடைக்குமாக இன்னொரு நடை நடக்கிறாள். தோட்டத்து வேலையின் அளவை நம்மாற் குறைக்க இயலாமற் போகலாம். வீட்டு வேலையின் அளவைக் குறைக்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. மாலையில் தண்ணீர்க் குடத்தைக் கணவர் எடுக்கட்டும். கடைக்கு மகன் போகட்டும். அந்த அரைமணி நேரம் அவள் வாசற்படியில் துவாயைச் சுருட்டி வைத்துப் பயிற்சி செய்யட்டும். மருந்துகளுள் அதுவே முதன்மையானது.