புலனுணர்வுச் செயலாக்கச் சிக்கல்

புலனுணர்வுச் செயலாக்கச் சிக்கல் என்பது, புலன்கள் வழியாக வரும் தகவல்களை மூளை ஒழுங்குபடுத்தி, அவற்றுக்கு ஏற்ப உடலை இயக்குவதில் ஏற்படும் இடர்ப்பாட்டைக் குறிக்கும். இச்சிக்கல் உள்ள குழந்தையின் கண்ணும் காதும் நன்றாகவே இருக்கலாம். பெற்ற உணர்வின் அளவை மூளை கையாள்வதிலேயே இடர்ப்பாடு உள்ளது. இரைச்சலும் நெருக்கமும் மிகுந்த வகுப்பறையில் இது தெளிவாக வெளிப்படுவதால், முதலில் கவனிக்கும் வாய்ப்பு ஆசிரியருக்குக் கிடைக்கிறது. எனினும் இது குறும்பு, சோம்பல், பிடிவாதம் எனத் தவறாகக் கருதப்பட்டுக் குழந்தை தண்டிக்கப்படுவதும் உண்டு.

வரலாறு

அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரும் உளவியலாளருமான அன்னா ஜீன் ஏயர்ஸ் (1920–1988) புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கினார். இது பற்றிய அவரது முதல் நூல் 1972இல் வெளிவந்தது. ஐம்புலன்களுடன், உட்காது தரும் சமநிலை உணர்வையும், தசைகளும் மூட்டுகளும் தரும் உடல்நிலை உணர்வையும் அவர் வலியுறுத்தினார். முன்பள்ளி ஆசிரியரான கரோல் ஸ்டாக் கிரனோவிட்ஸ் 1998இல் எழுதிய நூல் இக்கருத்தைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பரவலாகக் கொண்டு சென்றது.

வகுப்பறையில் காணப்படும் அறிகுறிகள்

மிகை உணர்வு: பள்ளி மணி ஒலித்தால் காதுகளைப் பொத்திக்கொள்ளுதல், பசை, வண்ணம், களிமண் ஆகியவற்றைத் தொட மறுத்தல், சீருடையின் கழுத்துப்பட்டியை ஓயாமல் இழுத்தல், யாரேனும் தற்செயலாக உரசினால் அடித்துவிடுதல்.

குறை உணர்வு: பெயர் சொல்லிப் பலமுறை அழைத்தும் திரும்பாதிருத்தல், முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டதை அறியாதிருத்தல், மேசை மீது சாய்ந்தே இருத்தல்.

உணர்வு நாட்டம்: இருக்கையில் ஆடிக்கொண்டே இருத்தல், பென்சிலையோ சட்டையையோ மெல்லுதல், பிறர் மீதும் சுவர் மீதும் மோதுதல்.

இயக்கச் சிக்கல்: தாள் கிழியுமளவு அழுத்தி எழுதுதல், அடிக்கடி தடுக்கி விழுதல்.

ஒரே குழந்தையிடம் இவற்றுள் பல சேர்ந்திருக்கலாம். ஒலியைத் தாங்காத குழந்தை ஓட்டத்தையும் குதித்தலையும் மிகுதியாக நாடலாம்.

இனங்காணல்

இச்செயல்களில் சில எல்லாக் குழந்தைகளிடமும் அவ்வப்போது காணப்படுபவையே. அவை திரும்பத்திரும்ப நிகழ்ந்து, கற்றலையோ பிறருடன் பழகுவதையோ தடுக்கும்போதே கவனத்திற்குரியவை. செயலுக்கு முன் நடந்தது என்ன, இடம், நேரம், அமைதியடைய எடுத்த காலம் ஆகியவற்றைச் சில வாரங்கள் குறித்து வந்தால் காரணம் புலப்படலாம். எடுத்துக்காட்டாக, வரிசையில் நிற்கும்போது மட்டும் பிறரைத் தள்ளும் குழந்தையை வரிசையின் இறுதியில் நிறுத்தலாம். அங்கே பின்னாலிருந்து உரசுவோர் இல்லை. தள்ளுவது நின்றுவிட்டால், தொடுகையே காரணமாக இருக்கக்கூடும்.

நோயை உறுதிசெய்வது ஆசிரியரின் பணி அன்று. அழைத்தும் திரும்பாத குழந்தைக்குக் கேள்திறன் குறைபாடு இருக்கலாம்; சில நொடிகள் நினைவு தப்பும் வலிப்பு வகையும் இருக்கலாம். எனவே, குறிப்புகளைப் பெற்றோரிடம் அளித்து மருத்துவரை அணுகச் செய்வதே முறை.

வகுப்பறை மாற்றங்கள்

* மணி அடிக்கும் முன் குழந்தைக்குத் தெரிவித்தல். இருக்கையை வாயிலிலிருந்து தள்ளி அமைத்தல்.
* பசையைத் தொடத் தயங்குபவருக்குத் தூரிகை அளித்தல், தொடும்படி வற்புறுத்தாதிருத்தல்.
* அசைவை நாடும் குழந்தைக்குக் கரும்பலகை துடைத்தல், குறிப்பேடுகளைச் சுமந்து சென்று வழங்குதல் போன்ற பணிகளை அளித்தல்.
* தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்காதிருத்தல். அந்நேரமே அக்குழந்தைக்கு மிகவும் தேவைப்படுவது.

மருத்துவ நிலைப்பாடு

இதனைத் தனி நோயாகக் கொள்வதில் கருத்து வேறுபாடு உள்ளது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், இப்பெயரைத் தனி நோயறுதியாகப் பொதுவில் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் இதனைத் தனியே பட்டியலிடவில்லை; ஆனால் புலனுணர்வு மிகுதலையும் குறைதலையும் மதியிறுக்கத்தின் அறிகுறிகளுள் சேர்த்தது. பெயர் குறித்த இவ்விவாதம் எவ்வாறாயினும், குழந்தை படும் இடர்ப்பாடு உண்மையானது. மேற்கூறிய வகுப்பறை மாற்றங்களுக்கு நோயறுதி தேவையில்லை.