கம்பெனி கை மாறும்போது கோடு எழுதுகிறவருக்கு என்ன ஆகிறது?

உட்காருங்கள், டீ வரட்டும். உங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது என்று மெயில் வந்த நாளிலிருந்து டீமில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை என்றீர்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை, யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அதே பில்டிங், அதே புராஜெக்ட். ஆனாலும் சீனியர்கள் இரண்டு பேர் நௌக்ரியில் ரெஸ்யூமேயைப் புதுப்பித்துவிட்டார்கள். ஏன் என்பது உங்கள் கேள்வி. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் மனதில் நிற்காது. ஒரு பழைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1982-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. நிறுவனர்களில் நம் நாட்டு வினோத் கோஸ்லாவும் ஒருவர். ஜாவா அங்கேதான் பிறந்தது. சோலாரிஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் அவர்களுடையது. ஓப்பன்ஆபீஸையும் அவர்கள்தான் வளர்த்தார்கள். 2008-இல் 100 கோடி டாலர் கொடுத்து மைஎஸ்க்யூஎல்லையும் வாங்கினார்கள். எஞ்சினியர்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. வரவு செலவு மட்டும் ஒத்துவரவில்லை. 2009 ஜூனில் முடிந்த நிதியாண்டில் நட்டம் 200 கோடி டாலருக்கும் மேல். அதற்கு முன்பே, அந்த ஏப்ரலில், ஆரக்கிள் 740 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்துவிட்டது. ஐரோப்பிய ஆணையம் மாதக்கணக்கில் விசாரித்து ஒப்புதல் கொடுத்தபின், 2010 ஜனவரி 27-ஆம் தேதி கம்பெனி கை மாறியது.

அன்று கை மாறியவற்றுக்கு ஒரு பட்டியல் போட முடியும்: கட்டடங்கள், காப்புரிமைகள், டிரேட்மார்க்குகள், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள். எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒன்றும் இருந்தது. எந்த டீமிலும் எழுதப்படாத ஒரு ஏற்பாடு இருக்கும். இந்த மாட்யூலில் யார் சொன்னால் கடைசி வார்த்தை, யார் பார்த்தபிறகு மெர்ஜ் ஆகும், ரிலீஸைத் தள்ளிப்போடலாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு, யார் முகம் சுளித்தால் டிசைனை மறுபடி யோசிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எங்கும் எழுதியிருக்காது. பல வருட வேலையால் சம்பாதித்த மரியாதை அது. புது நிர்வாகம் வரும்போது முதலில் ஆட்டம் காண்பது இதுதான். உங்கள் சீனியர்களுக்கு உறுத்துவதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சம்பளச் சீட்டில் இதற்கு வரி இல்லை என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரிவதில்லை.

நீங்கள் தினமும் தொடுகிற ஒரு கருவியிலிருந்தே இதைக் காட்டுகிறேன். ஜென்கின்ஸில் பில்டு போடுகிறீர்கள் இல்லையா, அதன் பழைய பெயர் ஹட்சன்.

கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியர் சன் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் செக்-இன் செய்கிற கோடு அடிக்கடி பில்டை உடைத்துவிடும். தான் உடைத்ததைச் சகாக்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று 2004-இல் ஒரு சின்ன புரோகிராம் எழுத ஆரம்பித்தார். யார் கோடு சேர்த்தாலும் அது தானாகக் கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, முடிவைக் காட்டும். தோல்விக்குச் சிவப்பு உருண்டை. வெற்றிக்குப் பச்சை வைக்கவில்லை, அவர் ஊர் வழக்கப்படி நீலம் வைத்தார். உலகம் முழுக்க டெவலப்பர்கள் பல வருடம் அந்த நீல உருண்டையைப் பார்த்துத்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். வெளியாட்கள் நூற்றுக்கணக்கில் பிளக்-இன் எழுதிச் சேர்த்தார்கள். யாருக்குக் கமிட் உரிமை, எப்போது ரிலீஸ் என்பதெல்லாம் கவாகுச்சியும் அவரோடு வேலை செய்தவர்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டவை. சன் நிர்வாகம் தலையிடவில்லை.

கம்பெனி கை மாறிய சில மாதங்களில் கவாகுச்சி ஆரக்கிளை விட்டு வெளியேறினார். ஹட்சன் வேலையை மட்டும் விடவில்லை. 2010 நவம்பரில், கோடு இருந்த தளத்தை ஆரக்கிள் புதிய சர்வர்களுக்கு மாற்றியது. அந்த மாற்றத்தின் நடுவே ஹட்சன் ஆட்கள் தங்கள் கோடைத் தொட முடியாமல், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் மெயில் குழுவும் இல்லாமல் நின்றார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு மெயில் குழுவைக் கூகுளுக்கு மாற்றினார்கள், கோடைக் கிட்ஹப்புக்குக் கொண்டுபோகலாம் என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ஆரக்கிள் தரப்பிலிருந்து பதில் வந்தது: கோடு இப்போதைக்கு எங்கள் தளத்திலேயே இருக்கும். தனியாகப் போக விரும்புகிறவர்கள் போகலாம், ஆனால் ஹட்சன் என்ற பெயர் எங்களுடையது.

கோடு எந்த சர்வரில் இருந்தால் என்ன என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றியிருக்கும். வேலை செய்கிறவர்களுக்கு அது வேறு கேள்வி: இதுவரை நாங்கள் எடுத்த முடிவை இனி யார் எடுப்பது? டிசம்பர் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. பெயரை யார், எந்த நிபந்தனையில் வைத்துக்கொள்வது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகவில்லை. 2011 ஜனவரியில் பெயரை மாற்றுவதா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவாக 214, எதிராக 14. ஹட்சன் ஜென்கின்ஸ் ஆனது. ஹட்சனை நாங்கள் தொடர்ந்து நடத்துவோம் என்றது ஆரக்கிள். சில மாதங்களில் அதை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுக்கப்போவதாகவும் அறிவித்தது. பின்னாளில் அது கைவிடப்பட்டது. இன்று உங்கள் ஆபீஸில் ஓடுவது ஜென்கின்ஸ்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஹட்சன் திறந்த மூல உரிமத்தில் இருந்தது. அதனால் கோடை அப்படியே நகல் எடுத்துத் தனிக்குடித்தனம் போக எவருக்கும் உரிமை உண்டு. அதைத்தான் ஃபோர்க் என்கிறோம். ஆனால் அந்த உரிமம் கோடுக்கு மட்டும்தான் செல்லும், பெயர் டிரேட்மார்க் சட்டத்தில் வரும். ஆகவே சன் குடும்பத்திலிருந்து பிரிந்தவர்கள் எல்லோரும் புதுப் பெயர் தேட வேண்டியிருந்தது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய மான்டி விடேனியஸ் 2009-லேயே சன்னை விட்டு விலகி மரியாடிபியைத் தொடங்கினார். மை அவருடைய மூத்த மகள் பெயர், மரியா இளைய மகள். ஓப்பன்ஆபீஸ் ஆட்கள் 2010 செப்டம்பர் 28-இல் தனி அமைப்பு கண்டு லிப்ரேஆபீஸ் ஆனார்கள். பழைய பெயரைக் கொடுத்துவிட்டு நீங்களும் எங்களோடு வாருங்கள் என்று ஆரக்கிளை அழைக்கவும் செய்தார்கள். ஆரக்கிள் வரவில்லை. புது அமைப்பில் இருப்பவர்கள் பழைய ஓப்பன்ஆபீஸ் குழுவில் நீடிப்பது சரியில்லை, விலகிக்கொள்ளுங்கள் என்றது. அறக்கட்டளைக்கு 50,000 யூரோ முதல் தேவைப்பட்டது. பொதுமக்களிடம் கேட்டார்கள், எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. இன்று தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கிற லிப்ரேஆபீஸ் அப்படி வந்ததுதான்.

இனி உள்ளே இருந்தவர்களுக்கு வருவோம். ஜாவாவின் தந்தை என்று நாம் சொல்லும் ஜேம்ஸ் காஸ்லிங், 1984 முதல் சன்னில் இருந்தவர், கை மாறிய மூன்றாம் மாதமே, 2010 ஏப்ரலில், வெளியேறினார். பிறகு பேட்டியில் சம்பளக் குறையும் சொன்னார், பதவிநிலைக் குறையும் சொன்னார். என் மனதில் நிற்பது அவர் சொன்ன இன்னொன்று: அங்கே எதையும் தீர்மானிக்கும் வாய்ப்பு தனக்கு அற்றுப்போய்விட்டது என்றார். ஜாவாவை உருவாக்கியவருக்கே இந்த நிலை என்றால், அதே கட்டடத்தில் பெயர் தெரியாத ஒரு டெவலப்பர் தன் மாட்யூலைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

சோலாரிஸ் கதைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அதன் திறந்த மூல வடிவமான ஓப்பன்சோலாரிஸுக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நிர்வாகக் குழு இருந்தது. கை மாறியபின் அவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மாதங்கள் ஓடின. இந்தத் திட்டம் தொடருமா, நிற்குமா என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் ஜூலையில் கெடு வைத்தார்கள்: எங்களோடு பேச அதிகாரம் உள்ள ஒருவரை ஆகஸ்ட் 16-க்குள் நியமியுங்கள், இல்லாவிட்டால் ஆகஸ்ட் 23-இல் பொறுப்பை உங்களிடமே ஒப்படைத்துவிடுகிறோம். இதற்கிடையே ஆகஸ்ட் தொடக்கத்தில் சிலர் இலூமோஸ் என்ற பெயரில் தனிவழி தேடிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 13-இல் ஆரக்கிளின் உள் குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. அன்றாடம் மாறும் சோலாரிஸ் கோடை இனி வெளியிட மாட்டோம், முழுப் பதிப்பு வந்தபிறகே கோடு வரும் என்பது அதன் சாரம். தங்கள் திட்டத்தின் முடிவை அந்தக் குழு தெரிந்துகொண்டது இப்படி, அடுத்தவர் வாயிலாக. 23-ஆம் தேதி சொன்னபடி தங்களைக் கலைத்துக்கொண்டார்கள். டிடிரேஸ் என்ற அருமையான கருவியை உருவாக்கிய மூவரில் பிரையன் கேன்ட்ரில் அந்த ஜூலையிலேயே கிளம்பிவிட்டார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

"முடியாது" என்ற சொல்லை டெவலப்பர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்பது என் திடமான எண்ணம். தினமும் கம்பைலர் அதைத்தானே சொல்கிறது. பதிலே வராமல் இருப்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. முடியாது என்றால் மாற்றுவழி யோசிக்கலாம். மௌனத்தை வைத்துக்கொண்டு எதையும் கட்ட முடியாது, ஆகையால் ஆள் கிளம்பிவிடுகிறார்.

ஆரக்கிளின் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. ஒரே நிதியாண்டில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் கண்ட வீட்டை அவர்கள் வாங்கினார்கள். எல்லோரையும் சுதந்திரமாக விட்ட சன், ஜாவா 6-ஐ 2006 டிசம்பரில் கொடுத்தபிறகு அடுத்த பதிப்பைக் கொண்டுவர முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. பணம் தராத வேலையை நிறுத்துவதும், பெயர்களுக்கு உரிமை கோருவதும் வாங்கியவரின் உரிமைதான். மைஎஸ்க்யூஎல் அழிந்துவிடும் என்று பலர் பயந்தார்கள், 2010 டிசம்பரிலேயே அதன் 5.5 பதிப்பு நல்லபடியாக வந்தது.

அதே ஆரக்கிளுக்குள், அதே 2010-இல் நடந்த இன்னொரு காரியத்தைச் சொல்கிறேன். இதைப் பலரும் சொல்வதில்லை. ஜாவாவின் தலைமைக் கட்டமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட், சன்னிலிருந்து வந்தவர், போகாமல் இருந்தார். ஜாவா 7 எப்போது வரும் என்று எல்லோரும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் மாதம் இரண்டு வழிகளைப் பகிரங்கமாக எழுதி வைத்தார். ஒன்று, எல்லா அம்சங்களோடும் 2012 நடுவில். இரண்டாவது, லாம்டாவையும் மாட்யூல் அமைப்பான ஜிக்சாவையும் அடுத்த பதிப்புக்குத் தள்ளிவிட்டு, முடிந்ததை மட்டும் வைத்து 2011 நடுவில். எது வேண்டும் என்று கேட்டார். கருத்துகள் வந்தன, இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது வழிதான் என்று அறிவித்துவிட்டார். லாம்டாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனாலும் 2011 ஜூலையில் ஜாவா 7 வந்தது, 2014 மார்ச்சில் ஜாவா 8-உடன் லாம்டா வந்தது, 2017 செப்டம்பரில் ஜாவா 9-உடன் ஜிக்சாவும் வந்தது.

ஜாவா உலகத்தில் சண்டையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. உரிமத் தகராறில் அப்பாச்சி அறக்கட்டளை 2010 டிசம்பரில் ஜாவாவின் தரநிர்ணயக் குழுவிலிருந்து வெளிநடப்பு செய்தது. சோலாரிஸ் தேய்ந்ததற்கும் வெறும் மௌனம் மட்டும் காரணமில்லை, லினக்ஸும் மலிவான சர்வர்களும் அதன் சந்தையை ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தன. ஆனால் மனிதர்கள் தங்கினார்களா, போனார்களா என்ற கணக்கில், அந்த இரண்டு வாரத்துக்கும் பதில் வராத அந்த மாதங்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

உங்கள் டீமுக்கு ஃபோர்க் செய்கிற வசதி கிடையாது. கோடு மொத்தமும் கம்பெனிக்கோ கிளையண்டுக்கோ சொந்தம், பிடிக்காவிட்டால் ஆள்தான் வெளியே போக முடியும், கோடு வராது. ஆகவே கிளம்புவதற்கு முன் ரைன்ஹோல்ட் செய்ததைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். புது மேனேஜரிடம் "எங்கள் நிலை என்ன" என்று பொதுப்படையாகக் கேட்டால் "எதுவும் மாறாது" என்ற பொதுப்படையான பதில்தான் வரும். ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக அடுத்த ரிலீஸில் எது போகும், எது தங்கும் என்பதை. இரண்டு வழிகளை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி போடுங்கள், உங்கள் சிபாரிசு எது என்பதையும் சொல்லுங்கள். கீழே, இனி இந்த மாதிரி முடிவுகளில் கையெழுத்து யாருடையது என்று ஒரு வரி கேளுங்கள். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதையும் போட்டு, சீனியர்கள் இரண்டு பேர் பெயரிலும் அனுப்பச் சொல்லுங்கள். ரெஸ்யூமே அதுவரை நௌக்ரியில் இருக்கட்டும், அதனால் நட்டம் ஒன்றுமில்லை.