காதுக்குத் தெரியாத வேகம்

மலாய் மொழியில் 'கஞ்சில்' என்றால் சருகுமான். 'சத்ரியா' என்றால் போர்வீரன்; நம் ஊர்ச் சத்திரியன்தான் கடல் கடந்து போய் அந்தப் பெயரில் நிற்கிறான். மலேசியச் சாலைகளில் இரண்டுமே கார்கள். 1994-இல் பெரோடுவா வெளியிட்ட கஞ்சில், 660 சிசி எஞ்சினும் 31 குதிரைத்திறனும் கொண்ட சின்னஞ்சிறு வண்டி. ரப்பர்த் தோட்டத்து லயத்தை விட்டு ஈப்போ நகரின் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்தவர்களில் பலருக்கு முதல் 'காடி' அதுதான். 1990களின் இறுதியில் புரோட்டோன் கொண்டுவந்த சத்ரியா ஜிடிஐ வேறு இனம். 1.8 லிட்டர் எஞ்சின், 138 குதிரைத்திறன், மூன்று கதவு, ஐந்து கியர். 1996-இல் புரோட்டோன் வாங்கியிருந்த பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் அதன் ஓட்டத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட ஏறத்தாழ எட்டரை வினாடி போதும்.

சருகுமானிலிருந்து இறங்கிச் சத்ரியனில் ஏறுகிறவருக்கு முதல் நாள் மறக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் கியருக்குள் நெஞ்சு படபடக்கும். ஒரு மாதம் கழித்து அதே வண்டி, அதே சாலை, படபடப்பு போயிருக்கும். 'வண்டி கைக்குப் பழகிவிட்டது' என்பார்கள்.

அந்த ஒரு மாதத்தில் உண்மையில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. கையும் காலும் எதையோ கற்றிருக்கின்றன. புலன்கள் எதையோ மறந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மறதியை முதலில் பார்ப்போம். அது காதில் தொடங்குகிறது. உட்செவியில், பசை போன்ற ஒரு படலத்தின்மேல் மிக நுண்ணிய படிகங்கள் பதிந்திருக்கின்றன. வண்டி முன்னே பாயும்போது இந்தப் படிகங்கள் சற்றே பின்தங்கும். அடியிலுள்ள நுண்மயிர்கள் வளையும். 'உந்தப்படுகிறோம்' என்று மூளைக்குச் செய்தி போகும். படிகங்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் அதே பொருள்தான். கெக் லோக் தோங் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறவர், தன் காதுக்குள் இருக்கும் தூசியின் பெரிய வடிவத்தைத்தான் பார்க்கிறார்.

இந்தக் கருவிக்கு ஒரு குறை உண்டு. வேகம் மாறும்போது மட்டுமே அது பேசும். வேகம் சீராகிவிட்டால் படிகங்கள் பழைய இடத்துக்கு வந்து அமைதியாகிவிடும். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தில் கோப்பைத் தேநீர் தளும்பாமல் இருப்பதும் இதே விதியால்தான். எட்டரை வினாடியில் நூறைத் தொடும் காரில், முதுகை அழுத்தும் விசை சராசரியாகப் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு வினாடியில் தொடும் வண்டியில் பத்தில் ஏழு பங்கு. முதல் நாள் ஆளை உலுக்குவது இந்த மாற்றம். நூறை எட்டி அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், காதைப் பொறுத்தவரை வண்டி வீட்டு வாசலில் நிற்பதற்குச் சமம்.

காது விட்ட வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. பக்கவாட்டில் பொருள்கள் எவ்வளவு விரைவாகப் பின்னோடுகின்றன என்பதை வைத்துக் கண் வேகத்தை மதிப்பிடுகிறது. இங்கே பழைய தோட்டச் சாலை ஒரு நல்ல பாடம். இருபுறமும் மூன்று மீட்டர் தள்ளி ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும் பாதையில் 50 கிலோமீட்டர் வேகமே பறப்பதுபோல் இருக்கும்; மரம், வெளிச்சம், மரம், வெளிச்சம் என்று கண்ணில் அடித்துக்கொண்டே போகும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஓரத்துப் புதரோ பதினைந்து மீட்டருக்கு அப்பால். அங்கே சட்டம் அனுமதிக்கும் 110-இல் போனாலும், கண்ணோரம் ஓடும் காட்சியின் விரைவு தோட்டச் சாலையில் கண்டதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் செம்மண் பாதையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவர், நெடுஞ்சாலையில் கொட்டாவி விடுகிறார்.

இன்னும் மோசமானது, கண்ணும் சலித்துப்போகிறது என்பது. நெடுநேரம் வேகமாக ஓட்டியவரிடம் மீட்டரைப் பார்க்காமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால், அவர் போதுமான அளவு குறைப்பதில்லை. குறைத்துவிட்டதாக நம்புகிறார், அவ்வளவுதான். டென்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதை ஆராய்ந்து, கண்ணை ஏமாற்றியே கண்ணைத் திருத்த வழி கண்டார். ரவுண்டானாவை நெருங்கும் சாலையில் குறுக்காக மஞ்சள் கோடுகள். போகப் போகக் கோடுகளுக்கு இடைவெளி குறையும். சீரான வேகத்தில் வந்தாலும் வண்டி வேகமெடுப்பதுபோல் தோன்றும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். மலேசியாவில் சுங்கச்சாவடிக்கு முன்னால் குறுக்கே வரும் கோடுகள் அந்த வம்சம்தான். இங்கே அவை சற்றுத் தடித்து, 'தடதட'வென்று ஸ்டியரிங்கையும் உலுக்கிவிடுகின்றன.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் இந்தப் பாடம் உயிரோடு இருக்கும் இடம் மெனோரா சுரங்கப்பாதை. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வரும் நெடுஞ்சாலை இங்கே மலையைத் துளைத்து, பிறகு ஜெலாப்பாங் நோக்கி இறங்குகிறது. இறக்கமும் வளைவும் சேர்ந்த பகுதி என்பதால் வேக வரம்பு 80. அதுவரை 110-இல் வந்து பழகிய கண்ணுக்கு 80 என்பது ஊர்வலம்போல் தோன்றும். வண்டியோ இறக்கத்தில் தானே வேகமெடுக்கும். முன்பு மலையடிவாரத்தில் ஜெலாப்பாங் சுங்கச்சாவடி சாலைக்குக் குறுக்கே நின்றது. பிரேக் சூடேறிப் பிடி இழந்த லாரிகள் இறங்கி வரும் இடத்தில் சாவடி இருப்பது ஆபத்து என்பது விபத்துகளால் உறுதியானது. பின்னர் அதை அகற்றினார்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து எஞ்சினையே தடையாக்குவது லாரிக்காரர்களின் பால பாடம். வேகக் கார் வாங்குகிறவர்கள் அதைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் கற்கிறார்கள்.

கணக்கு இன்னும் கறாரானது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் முப்பது மீட்டருக்குச் சற்று மேலே போய்விடுகிறோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொட ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 46 மீட்டர் போயிருக்கும். பிறகு உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு நிற்க ஏறத்தாழ 60 மீட்டர். கூட்டினால் ஒரு காற்பந்துத் திடலின் நீளம். அதே வண்டி 160-இல் போனால்? வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. நிற்கத் தேவையான தூரமோ 190 மீட்டரைத் தாண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவதால் வரும் வினை இது. இதைக் காதும் சொல்லாது, கண்ணும் சொல்லாது.

அந்த ஆற்றல் முழுவதையும் தாங்குவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். டயர் ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் பரப்பு அவ்வளவுதான். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் வழித்தோன்றல்களைச் சீவிப் பால் எடுக்கத் தமிழர்கள் பலர் கப்பலேறி வந்தார்கள். இன்றைய காரின் டயரில் சாலையைத் தொடும் மேல்தோல் பெரும்பாலும் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் கலந்தது. இயற்கை ரப்பரின் ஆட்சி லாரி, விமான டயர்களில்தான் மிகுதி. எந்த ரப்பரானாலும் பிடிப்புக்கு எல்லை உண்டு. தைப்பிங் பக்கம் மழை கொட்டும்போது டயரின் பள்ளங்கள் நீரை வெளியே தள்ள முடியாமல் போனால், ரப்பர் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கும். பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வேகக் காரின் அகன்ற டயருக்கு, தேய்ந்த நிலையில், மிதப்பது இன்னும் எளிது.

இப்போது கற்றலின் பக்கம். மலேசியாவில் ஓட்டுநர் தேர்வில் சின்னக் காரை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். பக்கவாட்டில் நிறுத்தச் சொல்வார்கள். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொல்வார்கள். தேறியவர் இரண்டு ஆண்டு, புது ஓட்டுநருக்கான 'பி' அடையாளம் ஒட்டிய வண்டியோடு திரிவார். முழு பலத்தில் பிரேக் மிதித்தால் என்ன ஆகும் என்பதை யாரும் காட்டித்தருவதில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அப்படி மிதித்தால் பெடல் கீழே 'கடகட'வென்று துடிக்கும். முதல் தடவை அது உடைந்துவிட்டதோ என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்கக் கூடாத நேரம் அதுதான்.

வளைவுகளில் வேறொரு பொறி. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில், சத்ரியா போன்ற முன்சக்கர இழுவை வண்டியை வேகமாக வளைத்துவிட்டு, பயத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னே சாயும்; பின்பக்கம் லேசாகி வெளியே வழுக்கும். 'காலை எடுத்தால் பாதுகாப்பு' என்று கஞ்சில் கற்பித்த பாடம் இங்கே எதிராகத் திரும்புகிறது. வளைவுக்கு முன்பே நேர்பாதையில் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலைச் சீராக வைத்திருப்பது என்ற புதுப் பழக்கம் வர மாதங்கள் ஆகும்.

இந்தப் பழக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோன மலேசியர் கரம்ஜித் சிங். 2002-இல் புரோட்டோன் பெர்ட் வண்டியில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். பக்கத்து இருக்கையில் துணை ஓட்டுநர் ஆலன் ஓ. மலேசியாவின் ரேலிகளுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள் நல்ல களம். புழுதி கிளம்பினால் கண்ணை நம்ப முடியாது. அதனால் போட்டிக்கு முன் பாதையை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு வளைவும் எத்தனை கூர்மை, அடுத்ததற்கு எத்தனை மீட்டர், மேட்டுக்குப் பின்னால் என்ன என்று குறிப்பெடுக்கிறார்கள். போட்டியில் துணை ஓட்டுநர் அதை உரக்கப் படிக்கிறார். உடம்பு சொல்லாத வேகத்தையும் தூரத்தையும் இன்னொரு மனிதரின் குரல் காதுக்குச் சொல்கிறது. உலக வெற்றியாளரே தன் புலன்களை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை.

சாதாரண ஓட்டுநருக்குத் துணைக்குரலாக இதுவரை இருந்தது எஞ்சினின் உறுமல். அதுவும் இப்போது அடங்குகிறது. பேராக்கின் தென்கோடியில் தஞ்சோங் மாலிமில் ஆலை வைத்திருக்கும் புரோட்டோன், 2024 டிசம்பரில் தன் முதல் மின்காரான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. குடும்பத்தோடு கோவிலுக்குப் போக ஏற்ற உயரமான வண்டி. நூறைத் தொட ஏழு வினாடி அளவுதான். அன்றைய பந்தயப் பிரியர்களின் சத்ரியாவைவிட வேகம். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தருவதால் கியர் மாற்றம் இல்லை; எஞ்சின் இல்லாததால் உறுமலும் இல்லை. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் சாலை மெதுவாக நகர்வதுபோலவும் தோன்றும். வேகத்துக்குப் பழக ஒரு மாதம் தேவைப்பட்டது போய், இந்த வண்டியில் முதல் நாளே பழகிவிடலாம்; எதையும் கற்காமலே.

கற்க விரும்புகிறவர்கள் சிலர் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறார்கள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 நடந்த, 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட தடம். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் பதினோராவதாக வந்தது இங்கேதான். பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாட்களும் உண்டு. எதிரே வண்டி வராது, மோட்டார் சைக்கிள் குறுக்கிடாது, வழுக்கினால் அகன்ற வெளி இருக்கிறது. அங்கே பிரேக்கின் எல்லையையும் டயரின் எல்லையையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

தொட்டுப் பார்த்தவரும் வடக்கே திரும்பி வந்தாக வேண்டும். ஈப்போவைக் கடந்து, மெனோராவைக் கடந்து, கோலகங்சார் வெளிவழியில் இடப்புறம் ஒதுங்குகிறார். கண் 'நாற்பது' என்கிறது. காது ஒன்றும் சொல்லவில்லை. மீட்டர் 75 காட்டுகிறது. முன்னால் சாலை சுருங்கி வளைகிறது. சற்றுத் தள்ளி, பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையிலிருந்து முன்கூடையில் காய்கறிப் பையோடு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மெல்லத் தார்ச்சாலையில் ஏறிக்கொண்டிருக்கிறது.