புல்லட்டின் தேய்ந்த கேம்

கோவில்பதாகைக்கு அருகே ஆவடியில் 1987-இல் நிறுவப்பட்ட இன்ஜின் தொழிற்சாலையில் உருவாகும் பன்னிரண்டு சிலிண்டர் டாங்கி இன்ஜினும், அதே வட்டாரத்து மெக்கானிக் கடைகளில் பிரித்துப் போடப்பட்டிருக்கும் பழைய புல்லட் இன்ஜினும், அளவில் ஒப்பிடவே முடியாதவை என்றாலும், வால்வுகளைத் திறந்து மூடும் முறையில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் இருமுறை சுழன்றால்தான் உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் என்னும் நான்கும் நிறைவுறும். ஆகவே வால்வை இயக்கும் கேம், கிராங்கின் பாதி வேகத்திலேயே சுழல வேண்டும்.

கேம் என்பது ஒருபுறம் புடைத்த எஃகு வட்டு. அந்தப் புடைப்பு டேப்பட் என்னும் சிறு தண்டை மேலே தள்ள, அது புஷ்ராட் வழியாக ராக்கரை அசைத்து வால்வைத் திறக்கிறது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கைகோத்ததன் பயனாகத் திருவொற்றியூரில் உருவான 346 சிசி புல்லட்டின் வார்ப்பிரும்பு இன்ஜினில், நீண்ட ஒற்றைத் தண்டுக்குப் பதிலாக, உள்வால்வுக்கு ஒன்றும் வெளிவால்வுக்கு ஒன்றுமாக, பல்சக்கரத்தோடு இணைந்த இரண்டு தனிக் கேம்கள் உள்ளன. கிராங்க் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு கேமும் நொடிக்கு 25 முறை, அதாவது மணிக்கு 90,000 முறை, வால்வு ஸ்பிரிங்கின் விசையை எதிர்த்துத் தன் டேப்பட்டை உயர்த்துகிறது.

இத்தனை உரசலைத் தாங்குவதற்காகவே கேமின் மேற்பரப்பு வெப்பப் பதனத்தால் கடினமாக்கப்படுகிறது. மாற்றாமல் விட்ட ஆயிலாலோ குறைபட்ட பதனத்தாலோ அந்தக் கடினத் தோல் ஒருமுறை உடைந்துவிட்டால், அடியிலுள்ள மெத்தென்ற உலோகம் விரைவாகக் கரைந்து புடைப்பு தட்டையாகிறது. வால்வு முழு உயரத்துக்குத் திறப்பதில்லை. டேப்பட் இடைவெளியைச் சரிசெய்த சில நாட்களிலேயே டேப்பட் சத்தம் திரும்புகிறது. வண்டி மேட்டில் திணறுகிறது. சத்தம் கேட்டவுடன் டேப்பட்டை மேலும் இறுக்குவது தவறான வைத்தியம்: வால்வு முழுமையாக மூடாமல் எரிந்துபோக அது வழிவகுக்கும். புடைப்பின் உச்சியிலும் அதற்குக் குறுக்கேயும் மைக்ரோமீட்டரால் அளந்து, இரண்டின் வேறுபாட்டைப் புதிய கேமின் அளவோடு ஒப்பிட்டால் தேய்வு எவ்வளவு என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

கேமை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டேப்பட்டை அப்படியே விடுவதுதான் இந்த வேலையில் நேரும் பெரும்பிழை. குழிவிழுந்த டேப்பட்டின் அடிப்பரப்பு புதிய கேமை அரைத்துவிடும் என்பதால், இரண்டும் ஒருசேர மாற்றப்பட வேண்டும். உதிர்ந்த இரும்புத் துகள்கள் ஆயில் பம்பையும் பிக்-எண்ட் பேரிங்கையும் கெடுக்காதபடி ஆயிலும் பில்டரும் மாற்றப்பட்டு, ஆயில் செல்லும் வழிகளும் கழுவப்பட வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ்ராடுகளை நீக்கிவிட்டால் கேம்களின் மேல் ஸ்பிரிங்கின் சுமை இராது. புதியவற்றைப் பூட்டும்போது பல்சக்கரங்களிலுள்ள குறிகள் உரிய இடத்தில் சேர வேண்டும். ஒரு பல் பிசகினாலும் வால்வு தவறான நேரத்தில் திறந்து இன்ஜின் முரண்டுபிடிக்கும், பிசகு பெரிதானால் பிஸ்டன் வால்வையே இடிக்கக்கூடும். எனவே மூடியைப் பூட்டுமுன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றி, எங்கும் தடை இல்லையென உறுதிசெய்துகொள்வது நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

கேமின் முகத்திலும் டேப்பட்டின் அடியிலும் பூட்டுதலுக்குரிய மசகைத் தடவியே இன்ஜின் இயக்கப்படுகிறது. ஆயில் உரிய இடத்துக்கு வந்து சேர்கிறதா என்பது உடனே பார்க்கப்பட வேண்டும். முதல் நிமிடங்களில் வண்டியை ஐட்லிங்கில் விட்டுவிடாமல் சற்றே உயர்ந்த வேகத்தில் ஓடவிடுவது நல்லது, ஏனெனில் குறைந்த வேகத்தில்தான் புடைப்பின் உச்சி ஸ்பிரிங்கின் முழுவிசையையும் சுமக்கிறது, ஆயில் படலமும் மெலிந்திருக்கிறது. இன்ஜின் முற்றிலும் ஆறிய பின் டேப்பட் இடைவெளி மறுபடி சரிபார்க்கப்படுகிறது.