குறிகளால் பேசும் கணிப்பொறி மொழி

ஒரு மாணவி ஐந்து பாடங்களில் பெற்ற மதிப்பெண்கள் 72, 85, 91, 64, 88. இவற்றின் கூட்டுத்தொகையைக் கணிப்பொறியிடம் எப்படிக் கேட்பது? பல மொழிகளில், "ஓர் எண்ணை எடு, அடுத்ததைச் சேர், முடியும்வரை திரும்பச் செய்" என்று படிப்படியாகக் கட்டளையிட வேண்டும். ஏ.பி.எல். என்னும் மொழியிலோ எண்களுக்கு முன்னால் +/ என்று இட்டால் போதும். 400 என விடை வரும். 5+ என்று இட்டால் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஐந்து கூடி 77, 90, 96, 69, 93 ஆகிவிடும். எண்களின் வரிசை முழுவதையும் ஒரே பொருளாகக் கொள்வதே இம்மொழியின் சிறப்பு.

இதனைப் படைத்தவர் கென்னத் ஐவர்சன். 1920இல் கனடாவில் பிறந்த இவர், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் குடும்பப் பண்ணையில் உழைத்தார். பின்னர் விமானப்படையில் இருந்தபோது அஞ்சல் வழியே படிப்பைத் தொடர்ந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது, கணக்கு முறைகளை மாணவர்க்குத் தெளிவாக விளக்கவே இக்குறிகளை வகுத்தார். அவை 1962இல் நூலாக வந்தன; 1966இல் ஐ.பி.எம். கணிப்பொறியில் மொழியாக இயங்கின. 1979இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. நல்ல குறியீடு சிந்தனைக்கே ஒரு கருவி என்பதுதான் அவரது விருதுரையின் சாரம்.

ஒன்றை மறவாதீர்! இம்மொழியில் கணக்கு வலமிருந்து இடமாக நடக்கும். 3×4+5 என்றால் நமக்கு 17, ஏ.பி.எல்.லுக்கோ 27!

நாம் எழுதும் வரியைப் படித்து உடனே நிறைவேற்றும் நிரலுக்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர். அத்தகைய ஒன்று குனு ஏ.பி.எல். இதன் 1.0 பதிப்பு 2013இல் வெளிவந்தது. இது கட்டற்ற மென்பொருள். விலையின்றிக் கிடைப்பது மட்டுமன்று அதன் பொருள். எவரும் இதை இயக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படித்தறியலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளிக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களில் மட்டுமே இயங்கிய மொழி, இன்று ஆர்வமுள்ள எந்த மாணவிக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது. கற்பிக்கப் பிறந்த மொழி கற்பவர் கைக்கே வந்து சேர்வதுதானே முறை? வாய்ப்புக் கிடைக்கும்போது நீங்களும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்!